அச்சு

கம்பெனி கொடுத்த நைலான் உறை
ஆம்பிளை இடுப்புக்கு வெட்டியது.
காரில் உட்கார்ந்தால் பிடி விலாவில் ஏறும்.
பதினோரு மணி நேரம் ஷால்கிராஸ் தெருக்களைச் சுற்றிவிட்டு
வீட்டில் சட்டையைக் கழற்றினால்
அங்கே ஒரு நீல நாணயம்.

துப்பாக்கி என்னோடு வீட்டுக்கு வராது.
விடியுமுன் பெக்கியிடம் கையெழுத்துப் போட்டு
தோட்டாக்களை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பஸ்.
அதனால் ஆயுத அறை மேசையிலேயே
மாகசினை உருவி, உள்ளே மூன்று தரம் பார்த்து,
பழைய ட்யூட்டி ஷீட்டின் முதுகில் கிடத்தி
சுற்றிலும் பென்சில் ஓட்டினேன்.
தடிமனுக்கு நூல் பிடித்தேன்.
நர்சரிப் பிள்ளையின் கையை வரைகிற மாதிரி, என்றான் பெக்கி.

காலே இல்லாமல் ஷூ தைத்தவள் நான்.
ஜேக்கப்ஸில் பத்தொன்பது வருஷம்,
ஒரு பாதத்தையும் பார்த்ததில்லை.
அச்சு இருந்தது: ஐந்தரை, ஆறு, ஏழு.
ஆக, கட்டிலில் பூச்சி அரிக்காத ஒரு காலைக் கழற்றி
துப்பாக்கிக்கு அச்சு செதுக்கினேன்.
மதிலுக்கு மேலே ஷிரீன் எட்டிப் பார்த்தாள்.
பிள்ளைகளுக்கா?
இல்லை, எனக்கு.

ஃபாக்டரி மூடியபோது
கடைசி இரண்டு வாரக் கூலிக்குப் பதிலாக
ஒரு சாக்கு தோல் தந்திருந்தார்கள்.
வெளிப்புறத்துக்கு மாடு, மூன்று மில்லி.
உட்புறத்துக்கு வெள்ளாடு,
வழவழப்பு இரும்பின் பக்கம் இருக்கும்படி.
இரண்டையும் தட்டையாக வைத்து ஒட்டக்கூடாது.
வளைத்துப் பிடித்தபடியே ஒட்ட வேண்டும்.
இல்லாவிட்டால் மடிக்கும்போது உள்தோல்
தண்ணீரில் ஊறின விரல் மாதிரி சுருங்கும்.

முதல் உறைக்குள் அச்சு போனது. வரவில்லை.
ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம், நானும் ஷிரீனும்.
சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.
உள்தோலுக்கும் ஒரு தடிமன் உண்டு;
பத்தொன்பது வருஷம் தைத்தவள் மறந்துவிட்டேன்.
பிளேடால் கிழித்துத்தான் எடுத்தேன்.

இரண்டாவதுக்கு
தையல் கோட்டை நான்கு மில்லி வெளியே தள்ளினேன்.
லோட் ஷெட்டிங். நெற்றியில் டார்ச்.
ஒரே நூலுக்கு இரண்டு ஊசி,
ஒவ்வொரு துளையிலும் எதிரும் புதிருமாக.
பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி
அச்சின்மேல் ஒரு பென்சிலைப் படுக்கவைத்து
(முனைக்குறி உரசாமல் போக வழி வேண்டுமே)
கரண்டி முதுகால் அமுக்கினேன்.
விசைக்காப்பு வளையம் மெல்ல எழும்பி வந்தது,
போர்வைக்கடியில் முழங்கால் மாதிரி.

ஜனவரி டர்பனில் துணியே காயாது.
மூன்று நாள் பொறுத்தேன், அடுப்பைக் காட்டாமல்.
பெல்ட்டுக்கும் உறைக்கும் நடுவில்
ஷூவின் குதித்துண்டு ஒன்றைச் சொருகித் தைத்தேன்.
பிடி விலாவைவிட்டு விலகிக்கொண்டது.

ஆயுத அறையில், காலித் துப்பாக்கியோடு
தலைகீழாக உலுக்கினோம். விழவில்லை.
ஒரு இழுப்பு. வந்தது.
பெக்கி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
இடது கைக்காரனுக்கு என்ன விலை, என்றான்.

காவடியன்று கோயில் கார் பார்க்கில் ட்யூட்டி.
தண்ணீர் கேட்டு வாசலுக்குப் போனேன்.
கமிட்டிக்காரர் என் இடுப்பைப் பார்த்தார்.
தோலோடு உள்ளே வராதேம்மா.
துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே நின்று குடித்தேன்.
மயில் பீலிகள் என்னைத் தாண்டி உள்ளே போயின.
கை தானாக உறைமேல் போய் உட்கார்ந்தது.
வெயிலில் அது
உயிருள்ள மாடு மாதிரி சூடாக இருந்தது.

இப்போது பகலில் நான் தூங்கும் நேரம்
உறைக்குள் கட்டில்காலைச் செருகி வைக்கிறேன்,
வாய் குறுகாமல் இருக்க.
கட்டில் ஒரு மூலையில் செங்கல்மேல் நிற்கிறது.
புரண்டு படுத்தால் ஆடுகிறது.