அரைப்பேர்

தட்டு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு குழி.
குறுக்கே பன்னிரண்டு இணையிகள்,
நெடுக்கே நாலு உலோகங்கள், ஒவ்வொன்றும் இருமுறை.
எது எதோடு சேர்ந்தால் சங்கிலி நீளும்
என்று எவருக்கும் தெரியாது.
ஆகவே எல்லாவற்றையும் எல்லாவற்றோடும்
கட்டிவைத்துப் பார்க்கிறோம்,
சாதகம் கேட்காத தரகர்கள்.

ஹந்தானைச் சரிவில் எங்கள் ஆய்வுகூடம்.
கையுறைப் பெட்டிக்குள் உலர்ந்த நைதரசன்.
வெளியே, ஜன்னல் விளிம்புவரை ஏறிவந்து
உள்ளே எட்டிப்பார்க்கும் மூடுபனி.
ஈரம் பட்டால் ஊக்கி செத்தது என்று
மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறது.

எதிலீனைத் திறந்ததும் வெப்பக் கெமரா விழிக்கும்.
சூடேறிய குழி மஞ்சள், மற்றதெல்லாம் நீலம்.
பேர் போடுவது நான்.
ஐந்து பாகை ஏறினால் முழுப்பேர்,
இரண்டு மூன்றென்றால் அரைப்பேர்.
தில்ருக்ஷி அர்த்தம் கேட்டாள்.
பதினெட்டுக் கிலோ நிறையாத நாளில்
அம்மாவின் பேருக்கு நேரே விழுவது, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அன்றிலிருந்து தன் குறிப்பேட்டில்
சிங்கள எழுத்தில் 'அரப்பேர்' என்றே எழுதுகிறாள்.

நாற்பத்தோராவது தட்டு.
எஃப் வரிசை, பதினோராம் குழி
மஞ்சளையும் தாண்டி வெள்ளையாய் எரிந்தது.
மூடியைத் தள்ளிக்கொண்டு
பாற்சோறு போலப் பொங்கி நின்றது பல்பகுதியம்.
இரும்பு! யாரும் நம்பியிராத இணையி!
ஆனால் அதே ஜோடி
மேலே ஈ வரிசையில் குளிர்ந்து கிடந்தது.

மறுநாள் திரும்பச் செய்தோம். நீலம்.
புதுக் கரைப்பான், புது ஊசி. நீலம்.
"பிழை, விட்டுவிடுங்கள்"
என்றார் பேராசிரியர் வீரக்கொடி, கதவடியில் நின்றபடி.

விடவில்லை, பிடிவாதம்தான்.
ஏழாம் நாள், இடது கையுறையின் சுண்டுவிரலில்
ஊசிமுனை அளவு ஓட்டை.
எஃப் பதினொன்றை மூடும்போது
அந்த விரலைத்தான் ஊன்றியிருந்தேன்.
அன்று காலை ஹந்தானை முழுக்கப் பனி.

கையுறையை மாற்றினோம்.
பிறகு வேண்டுமென்றே தண்ணீர் விட்டோம்,
ஒரு மைக்ரோலீற்றர், அதில் பாதி, பாதியில் பாதி.
ஆறாவது பாதியில் கெமரா மஞ்சளித்தது.
அட்டவணையில் பனிக்கு நிரல் இருக்கவில்லை.
ஓரத்தில் தில்ருக்ஷி ஒரு கோடு இழுத்தாள்,
கோணலாக.

இரவு அம்மா போனில்:
"இன்னக்கி எத்தன?"
ஒன்று.
"ஒத்த கிலோவா?"
ஒரு குழிம்மா.
கொஞ்சநேரம் இருமினாள்.
"அப்ப, பேரு போட்டாச்சா?"
பென்சிலால் போட்டிருக்கிறேன் என்றேன்.