கூடும்

'குணமாக்கும்' என்று யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள்.
அடித்தேன்.
'குறைக்கும்.' அதையும்.
சட்டம் விட்டுவைத்த வினை ஒன்றுதான்:
உதவக்கூடும்.

பதினொரு வருடமாக
வூச் நகரத்துப் பழைய நூற்பாலையின்
மூன்றாம் மாடியில் உட்கார்ந்து
டப்பாக்களின் முதுகில்
இந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறேன்,
பச்சை எழுத்தில், ஆறு புள்ளி அளவில்.
கீழ்த்தளத்தில் இயந்திரம்
வெள்ளை முசுக்கொட்டை இலைத்தூளை
கண்ணாடி போன்ற கூடுகளில் அடைக்கிறது,
நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு.

தூள் சீனத்திலிருந்து மூட்டைகளில் வருகிறது.
எங்கள் முற்றத்திலேயே ஒரு முசுக்கொட்டை நிற்கிறது,
போருக்கு முன் பட்டுப்புழுவுக்கென்று நட்டது.
அதை யாரும் பறிப்பதில்லை.
பெயர்தான் வெள்ளை. ஜூலையில்
மேலாளரின் கார்க் கூரையெல்லாம் ஊதாக் கறை.
வெட்ட அனுமதி கேட்டு
நகராட்சியில் மனு ஒன்று தூங்குகிறது.

புழு தின்றது, கூடு கட்டியது,
கூட்டோடு வெந்நீரில் போனது.
மனிதன் கூட்டைத் தின்கிறான்.
மேலே வெந்நீர் குடிக்கிறான்.

செஸாரி இரவு டிராம் ஓட்டுபவன்.
என் கணவன்.
ஏப்ரலில் வெறும் வயிற்றில் நூற்று முப்பத்தெட்டு.
டாக்டர் ஓர்லிக் வெள்ளை மாத்திரை எழுதினார்,
காலை ஒன்று, இரவு ஒன்று.
ஞாயிற்றுக்கிழமை கசகசா கேக்கை விட்டான்.
தேநீரில் சர்க்கரையை விட்டான்.
எப்படி இருக்கிறது என்றால்
'எல்லாம் கூடி வருகிறது' என்பான்,
ஜன்னலைப் பார்த்தபடி.

அக்டோபரில் அவன் பையில் கையுறை தேடினேன்.
டப்பா கிடைத்தது. எங்கள் டப்பா.
தொண்ணூறு கூடு, நாற்பத்தொரு ஸ்வோட்டி.
ஊழியர் குடும்பத்துக்குப் பாதி விலை;
அவனுக்கும் தெரியும்.
முழு விலை கொடுத்திருக்கிறான்,
நகரின் மறுகோடியில், எனக்குத் தெரியாத கடையில்.
அடியில் வெள்ளை மாத்திரை அட்டைகள்,
முதல் வாரத்துக்குப் பிறகு
ஒன்றுகூடப் பிரிக்காமல்.

'வயிற்றைக் கலக்குகிறது, போக்னா.
முப்பது பேரை உட்காரவைத்து
டிராமை நடுவழியில் நிறுத்திவிட்டு
நான் எங்கே ஓடுவேன்?'

இதை எந்தக் கூட்டத்திலும்
எவரும் என்னிடம் சொன்னதில்லை.

டப்பாவைத் திருப்பினான்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
'இந்த உதவக்கூடும் உன்னுடையதா?'
'சட்டத்துடையது.
அதற்கு முன்னால் இருக்கும் காற்புள்ளி மட்டும்
என்னுடையது.'
அவன் சிரிக்கவில்லை.
'நான் உதவ வரைக்கும்தான் படித்தேன்' என்றான்.

டாக்டரிடம் போனோம். திட்டுவார் என்று நினைத்தோம்;
அவருக்குத் தும்மல்.
மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்றினார்,
வேலை முடிந்து, சாப்பாட்டோடு.
இலையைப் பற்றிக் கேட்டதற்கு
தோளைக் குலுக்கினார்:
இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை சற்று அதிகமாகவே
இறங்கக்கூடும், விரலைக் குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்,
விடாதீர்கள்.
அவருக்கும் அந்த வினையைத் தவிர வேறில்லை.

இப்போது பணிமனையிலிருந்து நடந்தே வருகிறான்,
விடிகாலை, நாற்பது நிமிடம்.
நேற்று நூற்றிருபத்திரண்டு.
மாத்திரையா, இலையா, நடையா,
கேக்கில்லாத ஞாயிறா.
யாருக்கு நன்றி சொல்வதென்று கேட்டான்.
தெரியாது என்றேன்.
சில நாள் காரணமே இல்லாமல் கூடும்,
அதையும் நோட்டில் எழுதிக்கொள்கிறான்,
டிராம் நேர அட்டவணைபோல, கட்டம் போட்டு.

இன்று மேசையில் புதிய வரைவு.
'நிச்சயமாக' என்று தொடங்குகிறது.
அடித்தேன்.
பிறகு, யாரையும் கேட்காமல்,
கூடும் என்பதை மட்டும்
ஆறிலிருந்து எட்டுப் புள்ளிக்கு ஏற்றினேன்.
அச்சுக்குப் போய்விட்டது.

ராத்திரி முதல் உறைபனி.
முசுக்கொட்டை அப்படித்தான்,
வாரக்கணக்கில் பழுத்துக் காத்திருக்காது;
ஒரே காலையில் மொத்த இலையும் கொட்டிவிட்டது, பச்சையாகவே.
கீழே மேலாளர்
கார்க் கண்ணாடியிலிருந்து
இரண்டு கையாலும் வழித்துப் போடுகிறார்,
கிலோ கணக்கில்.