பதினேழாவது மட்டை

குருத்திலிருந்து எண்ண வேண்டும்.
முழுசாய் விரிந்தது ஒன்று.
ஒன்றின் கீழே ஒன்பது,
ஒன்பதின் கீழே, அதே திருகில் சற்று விலகி, பதினேழு.
கண்ணை மூடிக்கொண்டும் காட்டுவேன்.

பதினேழை வெட்டி
நடுப்பகுதியில் நாலைந்து இலை உருவி,
ஈர்க்கு நீக்கி, துணியால் துடைத்து,
உறையின் மேல் மரத்தின் எண்ணை எழுதுவது என் வேலை.
லங்காப்பிலிருந்து லாரி ஏறி ஈப்போ லேப்புக்குப் போகும்.
மூன்று வாரத்தில் கடிதம்:
இருபத்திரண்டாம் பிளாக்கில் போரான் போதவில்லை.
கறுப்பு மண் பக்கம் செம்பு குறைவு.

எனக்குக் கடிதம் வேண்டாம்.
போரான் குறைந்தால் இலைநுனி
தூண்டில் முள்ளாய் மடங்கும்.
செம்பு குறைந்தால் நடுமட்டைகள்
சலவைக்குப் போன மஞ்சள் சேலை.
பத்து லட்சத்தில் பத்துப் பங்கு;
அதற்கும் கீழே இறங்கினால் மரம் முனகும்.
பால் டின்னில் பாதி, ஒரு மரத்துக்கு, ஒரு வருஷத்துக்கு.
அவ்வளவுதான் அது கேட்பது.

நானோ ஆறு மாதமாய் ஐஸ் கடித்துக்கொண்டிருந்தேன்.
டீ ஓ ஐஸ் பொட்டலத்தில்
டீயைப் புல்லில் ஊற்றிவிட்டு
ஐஸை மட்டும்.
"உடம்புச் சூடு" என்றேன்.
"பல்லுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்றாள் தவமலர்.
வடிகால் பலகையைத் தாண்டினால் மூச்சு வாங்கியது.
நகங்கள் நடுவில் குழிந்து
ஒரு சொட்டு மழை நிற்க இடம் கொடுத்தன.

கிளினிக்கில் மிஸ்ஸி நோர் அசிக்கின்
என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.
ஒரே வினாடி.
அட,
அதுதான் என் பதினேழு.

ரத்தக் குழாயில் ஒட்டிய தாளில்
என் ஐசி எண்ணை எழுதினார்,
மரத்துக்கு நான் எழுதுவதுபோலவே
ஏழின் குறுக்கே கோடு போட்டு.

எட்டு புள்ளி ஒன்று.
"பன்னிரண்டு வேணும், காக்."
பொம்பளை உடம்பு முழுக்கச் சேர்த்தாலும்
இரும்பு மூன்று கிராம் வருவதே பெரிசாம்.
என் சபிட்டைத் தீட்டித் தீட்டி
கல்லில் தங்கும் கறுப்புத் தூள்
ஒரு மாதத்தில் அவ்வளவு இருக்கும்.

கோபம் வந்திருக்க வேண்டும்.
மரத்தை வருஷா வருஷம் கேட்கிறார்கள்,
என்னை எவன் கேட்டான் என்று.
வந்தது வெட்கம்.
மஞ்சள் தட்டிய மட்டையை நூறடியில் கண்டுபிடிப்பவள்
தினமும் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டுதான்
லாரி ஏறியிருக்கிறேன்.
(கோபம் அன்றிரவு வந்தது, சோறு வடிக்கையில்.
அது வேறு கதை.)

மாத்திரைக்குச் சட்டங்கள் உண்டு.
முன்னும் பின்னும் டீ கூடாது.
புளிப்போடு போடு, லீமாவ் கஸ்தூரி நல்லது.
கழிவு கறுக்கும், பயப்படாதே.
சோற்றின் இரும்பை டீ பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.
பதினான்கு வயதிலிருந்து
சோற்றுக்கு மேலேயே டீ குடித்தவளிடம் சொல்கிறார்!
பிறகு, போகிற போக்கில்: "கிராங் சாப்பிடுங்க."

ஊத்தான் மெலிந்தாங் சந்தையில் ஒரு கிலோ.
நன்றாகக் கொதிக்கவிட்டும்
ஓட்டைப் பிளந்தால் உள்ளே சிவப்பு.
இத்தனை சின்ன உயிர்
எந்தச் சேற்றில் தேடிச் சேர்த்தது இதை?
அப்போதுதான் மகன் லோகேந்திரன் எட்டிப் பார்த்து
"ம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றான்.

மூடி வைத்தேன்.
சனிக்கிழமை இருட்டில், லாரி ஹாரன் அடிப்பதற்குள்
சூடாக்கி, லீமாவ் பிழிந்து,
அடுப்பங்கரையில் நின்றபடியே பன்னிரண்டு தின்றேன்.
எண்ணித்தான் தின்றேன்.
எண்ணுவது என் தொழில்.

நகம் நேராக மாதக்கணக்காகும் என்றார் மிஸ்ஸி.
தெரியும்.
மடங்கிய இலை உரம் போட்டாலும் நிமிராது,
அடுத்த குருத்துதான் நேராய் வரும்.
இருபத்திரண்டாம் பிளாக்கில் மழை பிடித்தால்
கையுறை கழற்றி விரலை நீட்டுகிறேன்.
சொட்டு விழுகிறது.
இன்னும் நிற்கிறது.