வகை: கட்டாயம் நிரப்பவும்

மனாமா, குதைபியாவில் ஒரு டைப்பிங் சென்டர்.
பக்கத்தில் சாயாக்கடை, எதிரே சலூன்.
விசா, வாடகைச் சீட்டு, பிறப்பு, இறப்பு
எதற்கும் என்னிடம் கட்டம் இருக்கிறது.
நகல் எடுக்க நூறு ஃபில்ஸ்.

வியாழன் மாலை சந்தியாகு வந்தான்.
அட்டையில் கம்பி கட்டுபவன்,
தோளில் அக்கார்டியன்.
ஈசா டவுன் பழைய சந்தையில்
நாலு தினாருக்கு வாங்கியது.
ஏழு கட்டைகள் ஊமை.

பெயர் அடித்தேன். ஊர் மணப்பாடு. நேரம் ஏழரை.
நிகழ்ச்சியின் வகை?
கூரையைப் பார்த்தான்.
"வகை இல்லாமப் போகாதாண்ணே?"
சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கு தம்பி,
போகாது.
"அப்போ கேட்டுட்டு நீங்களே போடுங்க"
என்று வாரை இழுத்து மாட்டினான்.

ஒப்பாரி என்று நினைத்தேன்.
கைக்குட்டையை எடுப்பதற்குள்
அது காய்கறி வாங்கக் கிளம்பிவிட்டது.
விலை பேசியது. படியாமல்
சுவரோரம் போய் நின்றது.
இந்த ராகம்தான் என்று எட்டிப் பிடித்தேன்,
என் கையில் பல்லிவால் துடித்தது.
ஊமைக் கட்டை வரும்போது
தாண்டிப் போகாமல் விரலை அங்கேயே வைத்திருந்தான்,
காற்று மட்டும் வந்து போனது,
துக்க வீட்டு வாசலில் பேசாமல் நிற்பவர்களைப் போல.
டோக்கன் மெஷின் நடுவில் ஒருமுறை கத்தியது.
அதற்கும் பதில் சொன்னான்.

வரிசையில் இருந்த பெஷாவர் டிரைவர்
இது எங்கள் பக்கத்துப் பாட்டு என்றார்.
இல்லவே இல்லை என்றாள் கோட்டயம் நர்ஸ்,
பூசை முடிந்து மெழுகுவர்த்தி அணைக்கும்போது
எங்கள் கோயிலில் இப்படித்தான் இருக்கும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விசைப்பலகையில் என் விரல்கள்
எந்த எழுத்தின் மேல் நிற்கின்றன என்று தெரியவில்லை.

மெல்லிசை என்று அனுப்பினேன்.
பாடகர் பெயர் இல்லையென்று திரும்பியது.
பக்தி. எந்த மதம் என்று கேட்டார்கள்.
நாட்டுப்புறம். எந்த நாடு?
மற்றவை என்று போட்டால்
முப்பது எழுத்துக்குள் விளக்கு என்கிறது திரை.
ஒவ்வொரு தடவையும் மூன்று தினார்.
சந்தியாகு சில்லறையை மட்டும்
வகை பிரித்து அடுக்கித் தருவான்.

அன்றிரவு என் அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு வருடமாய் இந்த நாட்டில்
நான் ஒரு வீட்டுச் சமையல்காரன்.
எனக்கு முட்டை உடைக்க வராது.
சாயா போடும் அஷ்கர் தோட்டக்காரன்,
சலூன் முனவ்வர் கப்பல் பெயிண்டர்.
கட்டம் பொய் என்று தெரிந்தும்
கால் நீட்டித் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஐந்தாவது தடவை
இசை என்கிற பக்கத்துக்கே போகவில்லை.
கருவிகள், பராமரிப்பு,
நோக்கம்: ஒலிபெருக்கி சோதனை.
கால அளவு நாற்பத்தைந்து நிமிடம்.
மறுநாளே முத்திரை விழுந்தது.

அறுபது பிளாஸ்டிக் நாற்காலி.
சோதனைதானே என்று
ஃபோனைப் பார்த்தபடி இருந்தார்கள்,
பிறகு பார்க்காமல் இருந்தார்கள்.
ஏசியின் உறுமலைச் சுருதியாக எடுத்துக்கொண்டான்.
கம்பி கிழித்த விரலில் பிளாஸ்திரி,
அது படும் கட்டைகள் கொஞ்சம் தாமதமாய்ப் பேசின.
காய்கறிக்குப் போன அதே துக்கம்
இன்று வேறு வழியாகத் திரும்பி வந்தது,
கையில் பை இல்லை.
திடீரென்று ஏசி தானாக நின்றது.
சுருதி போன நடுக்கடலில் ஒரு நிமிடம்
அவன் நிறுத்தவும் இல்லை, வாசிக்கவும் இல்லை.
ஒருவரும் இருமவில்லை.

பெட்டியை மூடினான்.
கைதட்டல் இல்லை.
சோதனைக்கு யார் தட்டுவார்கள்?
முன்வரிசையில் தூங்கும் பிள்ளையை
மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டே ஒருவர் கேட்டார்:
"நிகழ்ச்சி எப்போ ஆரம்பிக்கும்?"

சந்தியாகு என்னைப் பார்த்தான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அனுமதியில் இன்னும்
நாலு நிமிடம் மீதி இருந்தது.