எட்டுக் குடத்தில் ஒன்று

வேப்பேரிச் சீட்டில்
பெயர் என்று ஒரு கட்டம்.
'வாத்து' என்றே எழுதினேன்.
வரிசையில் லாப்ரடார் ஒன்று குரைத்தது,
அட்டைப்பெட்டி பதில் சொன்னது.

தொடை எலும்பு, இரண்டு இடம்.
பைக்காரன் நிற்கவில்லை.
கட்டுப் போட்டு, மருந்து எழுதுமுன் டாக்டர் கேட்டார்:
முட்டைக்கா, கறிக்கா?
எதற்குமில்லை என்றேன்.
பேனா கொஞ்சம் நின்றது.

புளியந்தோப்பு, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
பழைய நைட்டியில் இரண்டு ஓட்டை போட்டு
கால் தரையில் படாமல் தொங்கவிட்டேன்.
இரவு ஷிப்ட் முடிந்து வரும் ரெஜினா
செருப்பைக் கழற்றுமுன் அதன் விரல்சவ்வைத் தொடுவாள்.
சூடு இருக்கு, என்பாள்.
சில நாள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

லாரி வரும் நாளில் எங்களுக்கு எட்டுக் குடம்.
ஒன்று அதற்கு.
எதிர்வீட்டு தனபாக்கியம்
அதையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

நாற்பதாம் நாள் கட்டைப் பிரித்து
நீலத் தொட்டியில் விட்டோம்.
ஒரு கால்தான் துடுப்பு.
இடப்பக்கமாகவே சுற்றியது.
ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கண்
எங்களைக் கடந்து போனது.
ரெஜினா நீருக்குள் விரல் விட்டு
மறுபக்கம் மெல்லத் தள்ளினாள்.

வாசலில் தனபாக்கியம்,
இடுப்பில் அரைக் குடம்.
'தண்ணி பத்துமா?'