பத்தாம் நாளுக்கு முன்

ஆண், அறுபத்தொன்று, வலது இடுப்பு.
லேபிளில் அவ்வளவுதான் உங்களைப்பற்றி.
கின்சி வீதிச் சத்திரசிகிச்சைக் கூடம்
குப்பைக்குப் போகவிருந்த எலும்பு மச்சையை
ஐஸ்பெட்டியில் தந்தது.
சம்மதப் படிவத்தில் நடுங்கிய சிங்களக் கையொப்பம்,
பெயரின் மேல் கறுப்புக் கோடு.

அதற்குள்ளிருந்து எடுத்தேன்,
இன்னும் எதுவாகவும் ஆகாத
குருத்துக் கலங்களை.
கண்ணில்லை, காதில்லை.
காலடியில் கிடப்பதை இழுத்துப் பார்க்கும்.
வருகிறதா, வரவில்லையா,
அதை வைத்துத் தாம் யாரென்று முடிவெடுக்கும்.

நான் செய்வது அந்தக் காலடியை.
கற்பிட்டிக் கடற்பாசிக் கூழ்,
பற்றிக்கொள்ள மூன்றே கண்ணி நீளப் புரதத் துண்டு,
கல்சியம் ஒரு சொட்டுக் கூடினால் இறுகிவிடும்.
குறிப்பேட்டில் கிலோபாஸ்கல்.
நுஸ்ஹாவுக்குச் சொல்லும் கணக்கு வேறு:
வட்டிலப்பம் என்றால் நரம்பு,
தொதல் என்றால் தசை,
வெயிலில் விட்ட கொப்பறா என்றால் எலும்பு.
"நோன்போட இருக்கிற ஆளிட்ட இதச் சொல்லாத மயூரதி."

எனக்கு வேண்டியது நரம்பு.

முதலில் பெருகவேண்டும்.
பெருகுவது பிளாஸ்டிக் தட்டில்,
அது கொப்பறாகூட அல்ல, கொங்கிரீட்.
ஏழு நாள் பரவாயில்லை,
மென்மைக்கு மாற்றினால் மறந்துவிடும்.
பத்து நாள் கடந்தால்
பிறகு எதில் வைத்தாலும்
தரை கல்லென்றே நம்பிக்கொண்டிருக்கும்.

ஆறாம் நாள் வெசாக்.
ஏழாம் நாள் களனி கங்கை கரை மீறி
கொலன்னாவையில் எங்கள் மாடிப்படியின்
மூன்றாவது படிக்கு வந்தது.
முன்வீட்டு வெசாக் கூடு
விளக்கணைந்து, வால் கிழியாமல்
கேற்றடியில் சுற்றிச் சுற்றி நின்றது.
நுஸ்ஹா கலங்களுக்கு உணவு மாற்றினாள்,
ஜெனரேட்டருக்கு டீசல் பார்த்தாள்.
ஜெல் வார்க்க அவளுக்கு வராது;
தொலைபேசியில் சொல்லிச் சொல்லி
இரண்டு முறையும் கட்டிதட்டிப் போனது.
நான் போய்ச் சேர்ந்தது பதினோராம் நாள்,
செருப்பில் சேற்றோடு.

மாற்றினேன்.
வட்டிலப்பத்தில் மூன்று வாரம்.
சாயம் விட்ட காலை
தட்டு முழுக்கச் சிவப்பு,
கல்சியம் படிந்த சிவப்பு.
அத்தனை மென்மையின் மேல் கிடந்தபடியே
எலும்பாகத் தொடங்கியிருந்தீர்கள்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் நுஸ்ஹா கேட்டாள்,
"ஏன் உன்ட பேக் சிப் எப்பவும் அரைவாசி திறந்திருக்கு?"

தும்முல்லைச் சந்தியில் இப்போது சாவடி இல்லை.
மணல்மூட்டை இருந்த இடத்தில் பூச்சட்டி.
பஸ் வேகம் குறைந்தால் என் கை
உள்ளே போய் அடையாள அட்டையைத்
தொட்டுவிட்டு வருகிறது.
அவள் கேட்கும்வரை எனக்கே தெரியாது.
"சிப் பழுது" என்றேன்.

மறுநாள் எறியப் போன தட்டை மறித்தாள்.
அவளுடைய வேலை தாடையெலும்பு;
வெற்றிலை தின்று புற்று வந்து
அரிந்தெடுத்த இடங்களை நிரப்புவது.
"இதுக்குத்தானே மாசக்கணக்கா நான் மன்றாடுறன்,
நீ குப்பையில போடப் பாக்கிறாய்."
இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள்.
எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

இது உங்கள் இரண்டாவது குப்பி.
உறையிலிருந்து எடுத்தேன்,
பிளாஸ்டிக்கைக் காட்டவேயில்லை,
நேரே மென்மையில் விட்டேன்.
பாதிக்கு மேல் ஒட்டாமல் மிதந்து செத்தன.
ஒட்டியவை சிறியவை, சோம்பியவை.
இன்று நாலாம் நாள்.
ஒன்றே ஒன்று
ஒரு பக்கமாக மெல்ல நீண்டிருக்கிறது.
நரம்பென்று எழுதவில்லை.
நாற்பது மைக்ரோன் என்று எழுதினேன்.

ஐயா,
புது இடுப்பு எப்படி?
வலி போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.
படியேறும்போது இன்னும்
இடது காலைத்தான் முதலில் வைக்கிறீர்களா?