முப்பது குறைவு

யூனிவர்சிட்டி நிலையத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம்
அடித்தளத்தில் என் காபியில் வளையம் விழும்.
அந்த அரை நிமிடம் கருவியைத் தொடுவதில்லை.
பர்மிங்ஹாமில் நவம்பர். நாலரைக்கே இருட்டு.
மேலே மழையா என்பது
உள்ளே வருகிறவர்களின் கோட்டைப் பார்த்துத்தான் தெரியும்.

வேலை இதுதான்:
அட்டையில் காய்ந்த ரத்தப்பொட்டு,
பிறந்த ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்தது.
பெயர் கிடையாது. எண் மட்டும்.
வடிகட்டுவதில்லை,
கத்தரி போடும் நொதியைக் கூப்பிடுவதும் இல்லை.
ஊசிமுனையிலிருந்து ஒரு துளி இறங்கும்,
பொட்டின்மேல் ஐந்து வினாடி உட்காரும்,
உட்கார்ந்தபடியே ஊசிக்குள் திரும்பிவிடும்.
ஒரு பருக்கையை நசுக்கிப் பானைச் சோற்றை அறிவதுபோல
என்று சொல்லலாம்தான்,
ஆனால் நாங்கள் நசுக்குவதும் இல்லை.

பிறகு மின்னழுத்தம்.
துளி தூறலாகும். தூறல் ஆவியாகும்.
நனைந்த சட்டையைக் காற்றிலேயே கழற்றிப் போட்டுவிட்டு
புரதம் முழு உடம்போடு பறக்கும் வெற்றிடத்துக்குள்.
குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்தவர்கள் வந்தால்
தட்டு எங்கே என்று தேடுவார்கள்.
தட்டு இல்லை.
எவ்வளவு வேகமாய் ஊசலாடுகிறதோ
அதுதான் எடை.

திரையில் சீப்பின் பற்கள்.
ஆல்ஃபா, பதினையாயிரத்து நூற்று இருபத்தாறு.
பீட்டா, பதினையாயிரத்து எண்ணூற்று அறுபத்தேழு.
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
வங்கிக் கணக்கு எண்தான் நினைவில் நிற்காது.

ஒருநாள் ஒப்பீட்டு மாதிரி தீர்ந்துபோயிற்று.
தன்னார்வலர் படிவத்தில்
போன வருஷமே என் கையெழுத்து இருந்தது.
"உன் விரல் இருக்கிறதே" என்றாள் டெலித்.
குத்தினேன். ஒரு பொட்டு.
அட்டையோரம் நானே எழுதினேன்:
இயல்பானது.
இரவெல்லாம் உலரவிட்டு, காலையில் ஓட்டினேன்.

ஆல்ஃபா வந்தது.
பீட்டா வந்தது.
பக்கத்தில் இன்னொரு பல், கொஞ்சம் குட்டை.
எண்ணூற்று முப்பத்தேழு.

முப்பது குறைவு.

டெலித் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"முந்தின மாதிரியின் மிச்சமாயிருக்கும்."
ஊசியை மாற்றினோம்.
"வண்டி அதிர்ந்திருக்கும்" என்றாள்,
எந்த வண்டியும் வராத பொழுதில்.
இன்னொரு முறை ஓட்டினோம்.
பிறகு தேநீர் போடப் போனாள்.
இருவருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லாமலிருக்க
இந்த நாட்டில் அதற்குத்தான் போவார்கள்.

நூற்று நாற்பத்தாறு மணி கோத்த சங்கிலி.
ஆறாவது மணி குளுடாமேட்டாக இருக்க வேண்டும்;
என்னிடம் பாதிக்குப் பாதி வாலின்.
எனக்கு ஒன்றும் ஆகாது. நோயாளி இல்லை, சுமப்பவள்.
முப்பத்துநாலு வருஷமாய்ச் சுமக்கிறேன்,
ஒருமுறைகூடக் கனத்ததில்லை.
அப்பா கூடலூர், அம்மா கயத்தாறு.
யாரிடமிருந்து என்று போனில் கேட்டால்
ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.
கேட்கவில்லை.

பள்ளியில் நிறமாலை என்று படித்தேன்,
பக்கத்தில் வானவில் படம்.
இங்கே பார்ப்பது நிறைமாலை.
ஒரே ஒரு சங்கிலிக்கொம்பு கூட.
மெய்ப்புத் திருத்துபவர் அசந்திருந்தால்
எடை நிறமாகியிருக்கும்,
யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.
என்னிலும் யாரோ அப்படித்தான் அசந்திருக்கிறார்கள்,
எந்தத் தலைமுறையில் என்று தெரியவில்லை.

ஆய்வகத்தில் எதையும் அழிக்கக்கூடாது.
ஒற்றைக் கோடு, தேதி, முதலெழுத்து: அதுதான் விதி.
பேனாவைத் திறந்து
இயல்பானது என்ற சொல்லின்மேல் பிடித்திருந்தேன்.
கோடு விழவில்லை.
பக்கத்தில் சின்னதாய், பீட்டா இரண்டு, என்று எழுதித்
தேதி போட்டேன்.

தேநீர் வந்தது. சர்க்கரை கூடுதல்.
அடுத்த அட்டை, பெயரில்லாத ஐந்துநாள் பிள்ளை,
தாங்கியில் காத்திருந்தது.
ஊசியை இறக்கக் கை நீட்டினேன்.
கோப்பையில் வளையம்.
வண்டி கிளம்பட்டும் என்று இருந்தேன்.